தொட்டி வண்டிக்கு டயரா செயினா

நற்பிட்டிமுனை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்பும் அமைதியும் நிறைந்த மருமகன் றிபாத் அவர்கட்கு மாமா பதியுதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் மாமியும் மகள் ஹப்ஸாவும் சுகம். கத்தாரில் உங்கள் சுகமும் அவ்வாறே இருக்க ஐந்து நேரத் தொழுகையிலும் துஆக் கேட்கிறோம். ஊரில் மாரி தொடங்கிவிட்டது. வயல் வட்டையில் விதைப்பு முடிந்து வருகிறது. ஒலுவிலில் உங்கள் உம்மாவும் வாப்பாவும் சுகமாக இருப்பதாகக் கல்முனைச் சந்தையில் கண்ட ஆள் சொன்னார். நமது வீட்டுக் கூரையில் ஒழுக்கு நின்றுவிட்டது. குசினிச் சிங்கிலும் தொழுகைக்கு வுழூச் செய்யும் தொட்டியிலும் தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த நெடுநாள் குறையும் தீர்ந்தது. உங்கள் மாமி எங்கிருந்தோ நல்ல றப்பர்த் தக்கை இரண்டு தேடி எடுத்து அடைத்திருக்கிறா. மற்றப்படி விசேஷம் ஒன்றுமில்லை, வண்டி விசேஷத்தைத் தவிர.

ஹப்ஸாவின் போனுக்கு நீங்கள் அனுப்பிய குரல் பதிவைப் பலதரம் கேட்டேன். உங்கள் முதலாளி பாலைவன முகாமை மூடுவதும், அந்த எட்டுச் சக்கர வண்டியை உங்களுக்கே தந்ததும், நீங்கள் அதை இங்கே அனுப்பி வைத்ததும் முன்பே தெரிந்த சங்கதி. இப்போது அவர் பிரியாவிடையாக ஒரு புதிய டயர் செட் அல்லது ஒரு புதிய செயின் செட், இரண்டில் ஒன்றைப் பெட்டியில் போட்டுத் தருவதாகவும், பெட்டியில் இரண்டுக்கும் இடமில்லை என்பதால் எது நமது மண்ணுக்குப் பொருந்தும் என்று நான் ஓட்டிப் பார்த்து எழுத வேண்டும் என்றும் சொல்லியிருந்தீர்கள். அத்துடன் இன்னொன்றும் சொன்னீர்கள். வண்டி நமது சேற்றிலும் வெள்ளத்திலும் ஓடும் என்றால் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவேன், மாரியில் கிட்டங்கித் தாம்போதிப் பாதை தண்ணீருக்குள் தாழும்போதெல்லாம் இரண்டு கரையிலும் தவித்து நிற்கும் சனத்தை ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொள்வேன், ஓடாது என்றால் மாத முடிவுக்குள் வேறொரு கம்பனியில் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைப்பேன் என்றீர்கள். ஹப்ஸாவைக் கேட்டால் என்னை வரவைக்க எதையும் சொல்லுவா, மாமாவின் கையெழுத்தில் வந்தால்தான் நம்புவேன் என்றும் சொன்னீர்கள். அதைக் கேட்டு ஹப்ஸா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போனாள். கோபம் இல்லை. நீங்கள் சொன்னது உண்மை என்ற வெட்கம்.

மருமகன், நீங்கள் என்னிடம் ஒப்படைத்தது ஒரு அமானிதம். தபாற் கந்தோரில் இருந்து இளைப்பாறியவனுக்கு அமானிதத்தின் பெறுமதி தெரியும். பிறர் கடிதத்தை நான் பிரித்ததில்லை. எழுதி முடித்த கடிதத்தைத் திருத்தியதுமில்லை. ஆகவே இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உள்ளது உள்ளபடியே. ஹப்ஸா இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொல்கிறாள். அதை நகலாக மட்டும் கருதவும். முத்திரை ஒட்டிய மூலம் பின்னால் வரும்.

நான் எழுதுவது முன் விறாந்தையில். உங்கள் மாமி கைருன்னிஸா இருப்பது குசினியில். ஆனாலும் இந்தக் கடிதத்தை இருவரும் சேர்ந்து எழுதுவதுபோல்தான் நடக்கிறது. நீங்கள் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாளில் இருந்து அவ உங்களோடு நேரே ஒரு வார்த்தை கதைத்ததில்லை. நீங்கள் சாப்பிட உட்கார்ந்தால் கதவுக்குப் பின்னால் நின்று இருமுவா, கறி போதுமா என்பது அந்த இருமலின் பொருள். வீடியோவில் நீங்கள் வந்தால் போனில் படாத மூலையாகப் பார்த்து நிற்பா. மருமகனுக்கு மாமி தரும் மரியாதை அது என்று நமது பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் என்னூடாக உங்களோடு கதைப்பதை அவ ஒருநாளும் நிறுத்தியதில்லை. இப்போதும் "மருமகன்ட்ட சொல்லுங்க" என்று தொடங்கி ஏதோ சொல்கிறா, தேங்காய் துருவும் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

முதலில் வண்டி வந்து இறங்கிய கதை. லொறியில் இருந்து அதை இறக்கும்போது தெருவே கூடிவிட்டது. மஞ்சள் நிறத்தில் பெரிய தொட்டி, அடியில் எட்டுக் குண்டு டயர், மேலே மோட்டார் சைக்கிளின் கைபிடி. பள்ளிவாசலுக்கு வந்த புதிய தண்ணீர்த் தாங்கியா என்று ஒருவர் கேட்டார். சீமெந்து குழைக்கும் மெசினாக இருக்கும் என்று இன்னொருவர் தீர்ப்புச் சொன்னார். பக்கத்து வளவு றாஹிலா கிட்ட வந்து தட்டிப் பார்த்துவிட்டு, அவிக்கிறதுக்கு நெல் ஊறப்போட இரண்டு நாளைக்குத் தருவீங்களா என்று மாமியிடம் கேட்டா. அன்றோடு வண்டியின் பெயர் தொட்டி என்று நிலைத்துவிட்டது. கத்தாரில் அதற்கு வேறு பெயர் இருக்கலாம், இங்கே எடுபடாது.

தண்ணீரில் இறங்கப் போகிற வண்டியை ஓதாமல் இறக்கக்கூடாது என்று மாமி உறுதியாக நின்றா. ஆகவே பள்ளி லெப்பை வந்து பாத்திஹா ஓதினார், பாற்சோறும் வாழைப்பழமும் பகிர்ந்தோம். பிள்ளைகளுக்குத் தட்டைக் கொடுத்தால் வாசலில் இருந்து சாப்பிடாமல் வண்டிக்குள் ஏறிக் குந்திக்கொண்டு சாப்பிட்டுவிட்டார்கள். வண்டி நிறையப் பாற்சோறு, பின்னேரம் வண்டி நிறைய எறும்பு. மறுநாள் மாமி விளக்குமாறும் சவர்க்காரமும் தண்ணீர்க் குழாயுமாக உள்ளே இறங்கிவிட்டா. தொட்டிக்குள் விட்ட தண்ணீரை எப்படி வெளியே எடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டு நிற்கையில் அவ எங்கோ குனிந்து எதையோ செய்தா, தண்ணீர் எல்லாம் ஒரு நொடியில் அடியால் இறங்கிப் போயிற்று. அவவுடைய கைராசி அப்படி. வண்டி வந்த நாளில் இருந்து அவ்வளவு துப்புரவாக அது இருந்ததில்லை.

இனி டயர்ச் சோதனை. வண்டியை ஓட்ட நம்மிடம் இருக்கும் தகுதியான ஆள் என் பழைய சிநேகிதன் அழகரெத்தினம்தான். பாண்டிருப்பில் இருக்கிறார், பஸ் சாரதியாக இருந்து இளைப்பாறியவர், பெரிய வண்டி என்றால் அவருக்குப் பயமில்லை. அவரிடம் ஒரு பழக்கம் மட்டும் உண்டு. யாராவது பக்கத்துத் தகரத்தில் தட்டிப் "போகலாம்" என்று சொல்லாமல் வண்டியை நகர்த்தமாட்டார். நமது வண்டியில் தகரம் இல்லை, ஆகவே நான் பின்னால் இருந்து அவருடைய முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. அவர் வந்ததும் டயரை அழுத்திப் பார்த்து, காற்று இல்லை என்றார். எட்டும் தொளதொளவென்றுதான் இருந்தன. அந்த டயர் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியுமா மருமகன்? நெடுஞ்சாலையில் டயர்க் கடை வைத்திருக்கும் முஸ்தாக்கிடம் கொண்டுபோனோம். அவன் கடல் கடந்து வந்த வண்டி என்ற மரியாதையில், லொறிக்கு அடிப்பதுபோல் எட்டுக்கும் இறுக்க அடித்துவிட்டான்.

அப்படியே வட்டைக்குள் இறக்கினோம். வயற்காரியங்களுக்குப் பொறுப்பான வட்டவிதானை அப்துல் ஸமட் தனது வட்டையில் எந்த மெசின் இறங்கினாலும் தான் ஏறிப் பார்க்காமல் விடுவதில்லை, அவரும் பின்னால் ஏறிக்கொண்டார். முதல் வரம்பில் வண்டி ஏறியது. ஏறியது என்பதைவிட எகிறியது என்பதே சரி. நாங்கள் மூவரும் வண்டியை விட்டு மேலே போய் மறுபடி வண்டிக்குள்ளேயே விழுந்தோம், அதுவும் பாத்திஹா ஓதிய பலனாக இருக்க வேண்டும். அப்துல் ஸமட்டின் தொப்பி வாய்க்காலில் போயிற்று. அடுத்த வரம்பு வருவதற்குள் அவர் கலிமாச் சொல்லிக்கொண்டு வந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அழகரெத்தினம் மட்டும் முகத்தில் மாற்றமே இல்லாமல் கைபிடியைப் பிடித்திருந்தார், பழைய பாதையில் பழைய பஸ்ஸில் பார்க்காத குலுக்கல் இல்லையாம்.

அன்று பின்னேரம்தான் ஹப்ஸா உங்களுக்கு எழுதிக் கேட்டு, இந்த டயருக்குக் காற்று மிருதுவாக இருக்க வேண்டும், எட்டிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று சொன்னாள். ஈர்க்குச்சியால் வால்வை அழுத்திக் காற்றை இறக்கினோம். வலப்பக்கம் கொஞ்சம் கூடிப் போயிற்றுப் போலும், வண்டி ஒரு பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து அடுத்தவன் வயலுக்குள் போனது. திரும்பவும் இறக்கி, பெருவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தி ஒப்பிட்டுச் சரிக்கட்டினோம். அதன் பிறகு, மருமகன், வண்டி போன அழகை நான் சொல்ல வேண்டும். சேறு அதைப் பிடிக்கவில்லை. முளை விட்ட விதைப்பின் ஓரமாகப் போயும் ஒரு தடம்தான் தெரிந்தது. வரம்பு ஒரு கட்டியும் உதிரவில்லை. அப்துல் ஸமட் புதிய தொப்பியோடு வந்து பார்த்து, டயர்தான், வேறு கதையே வேண்டாம் என்றார். நானும் அப்படியே எழுத நினைத்தேன். ஆனால் ஒன்றை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது அமானிதம் ஆகாது.

செயின் என்று நீங்கள் சொன்னது வண்டிக்குள் சுருட்டிக் கிடந்த பழைய றப்பர்ப் பட்டை இரண்டையும்தானே. நெல் வெட்டு மெசினுக்குப் போடுவதுபோல, ஒரு பக்கத்து நான்கு டயரையும் சேர்த்துச் சுற்றிப் போடுவது. அதை மாட்டுவதற்கு அழகரெத்தினமும் முஸ்தாக்கும் நானும் பட்ட பாட்டை விவரித்தால் நீங்கள் அழுவீர்கள். முன் டயரில் மாட்டினால் பின் டயரில் கழன்றது, பின்னால் மாட்டினால் முன்னால் கழன்றது. இடையில் மாமி குசினி யன்னலால் ஒருதரம் எட்டிப் பார்த்து, தலையணைக்கு உறை போடுறமாதிரி மடிச்சுப் போட்டா என்ன என்று கேட்டா. அப்படியும் செய்து பார்த்தோம், அப்படியும் நடக்கவில்லை. கடைசியில் எப்படி மாட்டியது என்று எங்கள் மூவருக்கும் தெரியாது, ஆனால் மாட்டியாயிற்று.

செயின் போட்ட வண்டி சேற்றில் ஒரு ராஜா. டயர் தயங்கிய சதுப்பிலும் அது தயங்கவில்லை. அழகரெத்தினத்தின் முகத்தில் அன்றுதான் நான் சிரிப்பைக் கண்டேன். ஆனால் திருப்பும்போது வந்தது வினை. இந்த வண்டியில் கைபிடியைத் திருப்பினால் சக்கரம் திரும்பாது, ஒரு பக்கம் நின்றுவிட மறுபக்கம் ஓடி வண்டியே உழன்று திரும்புகிறது. டயரில் அது மெதுவாக வழுக்கித் திரும்பியது. செயினில் அப்துல் ஸமட்டின் வரம்பைத் தோண்டி எடுத்துக்கொண்டு திரும்பியது. அவர் ஓடி வந்து வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, வரம்பைக் கட்டிப்போட்டுத்தான் போக வேண்டும் என்றார். மண்வெட்டி எடுத்துக் கட்டினோம். அவர் கால் வைத்து மிதித்துப் பார்த்து, போகலாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். நான் கீழே நின்றபடியே அழகரெத்தினத்தின் முதுகில் தட்டினேன். வண்டி நகர்ந்தது. இடப்பக்கச் செயின் அறுந்தது.

ஒரு பக்கம் செயினும் மறுபக்கம் வெறும் டயருமாக ஒரு வண்டி எப்படி ஓடும் என்று கத்தாரில் உங்கள் இஞ்சினியர்மாருக்குத் தெரியாமல் இருக்கலாம். அது வட்டமாக ஓடும். நிறுத்தினால் புதைந்துவிடும் என்ற பயத்தில் அழகரெத்தினம் நிறுத்தவுமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் என்னைக் கடக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போனார். "இது நேர போகுதில்ல, போஸ்மாஸ்டர்." அடுத்த சுற்றில், "கிறுகிக்கிட்டே இரிக்கி." அதற்கடுத்த சுற்றில் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் உயர்த்தினார். எண்ணெய் தீர்ந்த பிறகுதான் நின்றது. அந்த இடத்தில் ஒரு நல்ல வட்டக் குளம் உண்டாகியிருக்கிறது, அப்துல் ஸமட் இன்னும் பார்க்கவில்லை.

இனி ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம். அப்துல் ஸமட்டுக்கு வரம்பு முக்கியம், ஆகவே டயர். அழகரெத்தினத்துக்குச் செயின்தான், அறுந்தது பழையது என்பதால் அறுந்தது, ஆற்றுவாழைச் செடி மண்டிய தண்ணீரில் டயர் சுற்றிச் சிக்கும் என்றார், அதிலும் நியாயம் இருந்தது. முஸ்தாக் டயர் என்றான், அவன் டயர்க் கடைக்காரன்.  அன்றிரவு ஹப்ஸா சோறு போட்டுக்கொண்டு நிற்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"வாப்பா, ரெண்டிலயும் எது பாரம் குறைவு?"

"ஏன் மகள்?"

"பாரம் குறைஞ்சா பெட்டி கெதியா வரும்தானே. பெட்டியோட அவரும் வருவாரு."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கலியாணம் முடித்துக் கொடுத்த பிள்ளை கண்ணுக்கு முன்னாலேயே இருப்பது நமது பகுதித் தகப்பன்மாருக்குக் கிடைத்த பாக்கியம் என்று வெளியூரார் சொல்வார்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கும் பிள்ளை ஒவ்வொரு நாளும் போனைச் சார்ஜில் போடுவதையும், மணி பார்ப்பதையும், உங்கள் சட்டை ஒன்றைத் தோய்க்காமல் மடித்து வைத்திருப்பதையும் பார்க்க வேண்டியிருப்பதும் அதே பாக்கியத்தில்தான் சேரும். இதை நான் உங்களைக் குறைகூற எழுதவில்லை. உங்களுக்கும் அங்கே அப்படித்தான் இருக்கும் என்று தெரியும்.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. அறுந்த செயினையும் மற்றதையும் கழற்றிவிட்டு வெறும் டயரோடு கிட்டங்கிப் பக்கம் கொண்டுபோனோம். தாம்போதி இன்னும் தாழவில்லை, ஆனால் ஓரத்தில் தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. ஹப்ஸா கரையில் குடையோடு நின்றாள். மாமியையும் கூப்பிட்டேன், கழுவுகிற சாமான் கிடக்கு என்று சொல்லி அவ வரவில்லை. அப்துல் ஸமட் முன்னால், அழகரெத்தினம் கைபிடியில், நான் பின்னால். பிஸ்மில்லாஹ் என்று முதுகில் தட்டினேன். வண்டி இறங்கியது, கொஞ்சம் அமிழ்ந்தது, பிறகு மிதந்தது. எட்டு டயரும் தாரா கால் அடிப்பதுபோல் தண்ணீரை அடித்துக்கொண்டு போயின. வேகம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது, கரையோரம் நடந்த ஒரு கொக்கு எங்களை முந்திப் போனது. ஆனாலும் மருமகன், அந்த நேரம் அழகரெத்தினத்தின் இடத்தில் நான் உங்களைத்தான் கண்டேன். கரையில் நிற்கும் சனத்தை நீங்கள் ஏற்றுவதையும், அஸருக்கு வீட்டுக்கு வந்து கால் கழுவுவதையும், கதவுக்குப் பின்னால் இருமல் கேட்பதையும் கண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால்தான் கால் நனைந்ததை நான் உடனே கவனிக்கவில்லை.

கவனித்த பிறகும் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டி என்றால் நீர் கொஞ்சம் உள்ளே வருவதும் முறைதான் என்று நினைத்தேன். அழகரெத்தினம் பஸ்ஸிலும் மாரியில் இப்படித்தான் வரும் என்று நினைத்தாராம். முழங்கால்வரை வந்தபோது, தன் செருப்பு இரண்டும் தனக்கு முன்னால் மிதந்து போவதைப் பார்த்து அப்துல் ஸமட்தான் வாயைத் திறந்தார். "போஸ்மாஸ்டர், இது கப்பலா கிணறா?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்வதற்குள் வண்டி மெதுவாக, மரியாதையாக, விளிம்புவரை இறங்கி நின்றது. நல்ல வேளை, இடுப்பளவு தண்ணீர். நாங்கள் மூவரும் இருக்கையில் இருந்தபடியே இருந்தோம். கரையில் இருந்த சனம் கயிறு போட்டு இழுத்தது. ஹப்ஸா குடையை மடக்கிவிட்டாள். மழை பெய்துகொண்டுதான் இருந்தது, ஆனாலும் மடக்கிவிட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அன்றும் மறுநாளும் வண்டியின் அடியை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தோம். வெடிப்பு கண்ணில் படவில்லை. அடியில் வட்டமாக, மிகவும் நேர்த்தியாக இரண்டு துவாரம் இருக்கிறது. உள்ளே புகும் தண்ணீர் வெளியேறுவதற்குக் கம்பனிக்காரன் யோசித்து வைத்தது. கரைக்கு இழுத்தபோது அவற்றால் தண்ணீர் இறங்கிய அழகை எல்லோரும் பாராட்டினார்கள். அதில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. பிழை வேறெங்கோ இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. கண்ணுக்குத் தெரிந்தால் ஒட்டலாம், தெரியாததை எதைக் கொண்டு ஒட்டுவது?

இங்கே வரைக்கும் எழுதியதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். வெடிப்பு என்று எழுத வேண்டாம், வண்டி நல்லா ஓடுது எண்டு எழுதுங்க என்று அவ காலையில் இருந்தே என்னோடு சண்டை. அது அமானித மோசம் என்று நான் சொல்லிவிட்டேன். இப்போது அந்த இரண்டு துவாரத்தின் இடம் வாசிக்கையில் குசினியில் ஒரு பீங்கான் விழுந்து உடைந்தது.  நீங்கள் வரமாட்டீர்கள் என்ற கவலை அவவையும் பிடித்துவிட்டது என்று விளங்கியது.

ஆகவே மருமகன், என் முடிவு இது. டயரும் நல்லது, செயினும் நல்லது, தொட்டி ஓட்டை. ஓட்டைத் தொட்டிக்கு எதைப் போட்டாலும் ஒன்றுதான். சனத்தை ஏற்றுகிற வண்டி, பிறத்தியாருடைய உயிர் சம்பந்தப்பட்ட காரியம். உங்கள் முதலாளியிடம் ஒன்றும் வாங்க வேண்டாம். அந்த இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வையுங்கள். இதை எழுத என் கை ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டுதரம் பேனையை மூடி வைத்துவிட்டு எழும்பினேன். என் ஆசையைக் கேட்டால் இந்தக் கடிதத்தில் வா என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் இருக்காது. ஆனால் நீங்கள் என் ஆசையைக் கேட்கவில்லை, வண்டியைக் கேட்டீர்கள். ஹப்ஸாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நாங்கள் இருக்கிறோம். அவளும் இருப்பாள்.

வெயிலில் நிறைய நிற்க வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்கள் கையில் அல்லாஹ் பரக்கத்தைத் தந்து, போன இடத்திலும் திரும்பும் வழியிலும் உங்களைக் காத்து, எங்கள் கண் முன்னால் கொண்டுவந்து சேர்ப்பானாக. அழகரெத்தினமும் அப்துல் ஸமட்டும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். அப்துல் ஸமட் செருப்பைப் பற்றியும் சொல்லச் சொன்னார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கவரில் இருக்கும் பசையை நம்ப முடியாது, கடையில் நல்ல பசை வாங்கி ஒட்டித் திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பேன்.

துஆவுடன்,
உங்கள் மாமா,
பதியுதீன்.

பிற்குறிப்பு: மருமகன், இது மாமி எழுதுற. கையெழுத்தக் கண்டே விளங்கியிருக்கும். மாமா பசை வாங்கப் போனவர், அஸர் தொழுதுட்டு அப்பிடியே பள்ளிவாசல் கூட்டத்தில இரிக்கிறார். மஃரிபு முடிஞ்சுதான் வருவார். வேற கடுதாசில எழுதினா நீங்க நம்ப மாட்டீங்க, அதால மாமாட கடுதாசிலயே எழுதுறன்.

வண்டியில வெடிப்பு இல்ல. மாமா நேர்த்தியா இரிக்கி எண்டு எழுதின ரெண்டு ஓட்டையும் தக்கை போட்டு அடைக்கிற ஓட்டை. தக்கை ரெண்டையும் கழட்டினது நான்தான். பாற்சோத்தக் கழுவக்குள்ள கழட்டினன். கழுவுறதுக்குத்தான் வச்சிரிக்கி எண்டு நினைச்சன். நல்ல றப்பர், வீசுறத்துக்கு மனம் வரல்ல, ஒண்ட குசினிச் சிங்கிலயும் ஒண்ட வுழூத் தொட்டியிலயும் போட்டன். மாமா ஓட்டையெண்டு வாசிக்கக்குள்ளதான் எனக்கு விளங்கின. பீங்கான் விழுந்தது அதாலதான், கவலையில இல்ல.

மாமா போனதும் நானும் ஹப்ஸாவும் தக்கைய வண்டியில மாட்டி, உள்ளுக்குக் குழாயால விளிம்பு மட்டும் தண்ணி நிறைச்சம். அஸருக்கு நிறைச்சது. இப்ப மஃரிபு பாங்கு சொல்லப் போகுது. கீழ ஒரு சொட்டு இறங்கல்ல. நான் குனிஞ்சு கையால தடவிப் பாத்தன், புழுதியா இரிக்கி. ஹப்ஸா குனிஞ்சு பாத்துட்டுச் சிரிக்கிறா. அவ சிரிச்சு எவ்வளவோ நாள்.

கையெழுத்து வைக்காதீங்க. டயரையே வாங்குங்க, வரம்பு உடையாது, வட்டவிதானையோட சண்டை வராது. பெட்டிக்குள்ள மூலையில இடம் கிடந்தா தக்கை ரெண்டு மேலதிகமா வச்சு அனுப்புங்க, சிங்கில திரும்பத் தண்ணி நிக்கிதில்ல. மாமாக்கு இத நான் சொல்ல மாட்டன், எழுதின கடுதாசி பிழையெண்டா அவருக்குத் தூக்கம் வராது. ஹப்ஸா படம் பிடிச்சதும் கடுதாசிய நான் மடிச்சுக் கவர்ல போட்டுருவன், எழுதி முடிச்சத அவர் திரும்ப எடுத்துப் பாக்க மாட்டார். நீங்க வந்து தண்ணியில ஓட்டிக் காட்டுங்க, அதுக்குப் புறகு சொல்லுவம்.

வாங்க மகன். இத்தனை வருஷமும் உங்களோட கதைக்காதவ கதைக்கிறா எண்டு ஒண்டும் நினைக்காதீங்க, வேற வழி இருக்கல்ல. நீங்க வந்த அண்டைக்கு நான் பழையபடி கதவுக்குப் பின்னாலதான் நிப்பன்.